கால அட்டவணை பஸ் ஸ்டாண்டில் இருக்கட்டும்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 'பீரியாடிக் டேபிள்' என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்டதற்கு, புதுத் தனிமங்களை அவ்வப்போது சேர்த்துக்கொண்டே வருவதால்தான் என்று டியூஷன் சார் சொன்னாராம். சரிதானா? தமிழில் 'ஆவர்த்தன அட்டவணை' என்று வாயில் நுழையாத பெயருக்குப் பதில் 'கால அட்டவணை' என்று வைத்திருக்கக் கூடாதா?
— ஒரு தகப்பன், மண்டைக்காடு

பதில்: சார் சொன்னது சரியல்ல. உங்கள் யோசனை அதைவிட மோசம். கோபப்படாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

அவ்வப்போது சேர்ப்பதுதான் காரணமென்றால் இந்நேரம் பெயரை மாற்றியிருக்க வேண்டும். 113, 115, 117, 118 ஆகிய நான்குக்கும் 2016-இல் பெயர் சூட்டியதோடு ஏழாவது வரிசை கடைசிக் கட்டம் வரை நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் சேரவில்லை. அட்டவணை அதே பெயரில்தான் வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது.

'பீரியட்' என்றதும் நமக்குப் பள்ளிக்கூட மணி நினைவுக்கு வருகிறது. அதுதான் வம்பு. கிரேக்கத்தில் 'பெரி' என்றால் சுற்றி, 'ஹோடோஸ்' என்றால் வழி. சுற்றிப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதுதான் மூலப் பொருள். தனிமங்கள் விஷயத்தில் நேரத்துக்கு வேலையே இல்லை. திரும்பி வருவது குணம்.

அணு எண் 3 லித்தியம். தண்ணீரில் போட்டால் நுரைத்துக்கொண்டு ஓடும். எட்டு இடம் தள்ளி 11, சோடியம். அதே சேட்டை, கொஞ்சம் கூடுதலாக. இன்னும் எட்டு தள்ளி 19, பொட்டாசியம். இது தீயே பிடிக்கும். இடையில் வருகிற ஏழேழு பேரும் வேறு வேறு குணக்காரர்கள்.

இதை 1865-இலேயே லண்டனில் நியூலேண்ட்ஸ் என்ற வேதியியலாளர் கவனித்து, ஸ-வில் தொடங்கி மேல் ஸ-வுக்கு வருவதைப் போல என்று எண்சுர விதி எனப் பெயர் வைத்தார். (ஹீலியம், நியான் வகையறாக்கள் அப்போது பட்டியலில் இல்லை. அதனால் லித்தியத்தையும் சேர்த்து எண்ணினால் எட்டாவதாகச் சோடியம் வந்தது.) மறு வருடம் வேதியியல் சங்கக் கூட்டத்தில், 'எழுத்து வரிசைப்படி அடுக்கிப் பார்த்தீர்களா?' என்று ஒருவர் கிண்டலடித்தார். பாவம். ஆனால் கால்சியத்தைத் தாண்டியதும் நியூலேண்ட்ஸ் கணக்கு உதைத்தது என்பதும் உண்மை.

1869-இல் ரஷ்யாவில் வேதியியலாளர் மெண்டலீவ் வெளியிட்ட முதல் தாளின் தலைப்பில் 'பீரியாடிக்' என்ற சொல்லே கிடையாது. அணு எடையையும் வேதி ஒற்றுமையையும் வைத்து ஒரு முறை காணும் முயற்சி என்றுதான் போட்டிருந்தார். குணங்கள் சுற்றித் திரும்புகின்றன என்பதை அந்த ஆண்டுக் கட்டுரையில் சொல்லி, 1871 வாக்கில் அதை விதியாகவே நிறுத்தினார். விதிக்கு வைத்த பெயர் அட்டவணைக்கும் ஒட்டிக்கொண்டது.

அப்புறம், ஆவர்த்தனம் வாயில் நுழையவில்லை என்கிறீர்கள். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டதில்லையா? தாளம் ஒரு சுற்றுப் போய்த் தொடங்கிய தட்டுக்குத் திரும்பினால் ஒரு ஆவர்த்தனம். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. 'தனிம வரிசை அட்டவணை' என்றும் சொல்கிறோம், தப்பில்லை. ஆனால் அதில் வரிசை இருக்கிறது, திரும்பி வருவது இல்லை. வடமொழி என்பதுதான் உறுத்தலென்றால், மெண்டலீவே தான் காலியாக விட்ட ஒரு கட்டத்துக்கு 'ஏக அலுமினியம்' என்று பெயர் வைத்தார். 1875-இல் காலியம் என்ற தனிமமாக அது கிடைத்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: ஆதி தாளத்துக்கு என்றைக்கும் எட்டு அட்சரம், தனிமத் தாளமோ வரிசைக்கு இத்தனை தனிமம் என்று 2, 8, 8, 18, 18, 32, 32 என நீளும்.

மண்டைக்காட்டுக்காரருக்கு இதைப் புரிய வைக்கச் சுவர் அட்டவணைகூட வேண்டாம். பக்கத்தில் மணவாளக்குறிச்சிக் கரையில் கிடக்கும் கருமணல் போதும். அதில் இல்மனைட், ரூட்டைல் என்ற தாதுக்கள் இருக்கின்றன, அவற்றில் டைட்டானியம், எண் 22. சிர்கான் என்ற தாதுவும் இருக்கிறது, அதில் சிர்க்கோனியம், எண் 40. பதினெட்டு தள்ளி அதே குணம். மெண்டலீவின் முதல் தாளில் இந்த இரண்டும் ஒரே வரியில் இருந்தன: டைட்டானியம் 50, சிர்க்கோனியம் 90, அடுத்து ஒரு கேள்விக்குறி போட்டு 180. எல்லாம் அணு எடை. அந்தக் கேள்விக்குறிக்கு 1923-இல் கோபன்ஹேகனில் விடை கிடைத்தது. காஸ்டர், ஹெவசி என்ற இரு விஞ்ஞானிகள் நார்வே நாட்டுச் சிர்கானை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து ஹாஃப்னியத்தைப் பிடித்தார்கள். அணு எடை 178.5. அணு எண் 72, அதாவது சிர்க்கோனியத்திலிருந்து 32 தள்ளி. குணம் அப்படியே அச்சு என்பதால் சிர்க்கோனியத்துக்குள்ளேயே அத்தனை காலம் ஒளிந்து கிடந்திருக்கிறது. உங்கள் ஊர் சிர்கானிலும் அது கொஞ்சம் இருக்கிறது. மகள் கடற்கரைக்குப் போனால் காலில் ஒட்டிவரும் மணலில் மூன்று பேரும் இருக்க வாய்ப்புண்டு.

அதே மணலில் மோனசைட் என்ற தாதுவில் உள்ள தோரியத்தையும் 1871-இல் மெண்டலீவ் இந்தக் குடும்பத்தில்தான் சேர்த்திருந்தார். 1940-களில் அமெரிக்க வேதியியலாளர் சீபோர்க் அதைக் கீழே தனி வரிசைக்கு இறக்கிவிட்டார். ஏன் என்று மகள் கேட்டால் அடுத்த கடிதம் எழுதுங்கள். சாரிடம் கேட்க வேண்டாம்.