வாசகர் கேள்வி: கண்ணாடிக் குமிழிக் கட்டடம்

கேள்வி: லிவர்பூலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வாட்டர் தெருவில் ஓரியல் சேம்பர்ஸ் என்ற கட்டடத்தைக் காட்டினாள். முழுக்கக் கண்ணாடி. 1864இல் கட்டியது என்கிறாள், நம்பலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாக நம்பலாம். கட்டியவர் பீட்டர் எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர். மாடியில், தரையைத் தொடாமல் சுவரை விட்டு வெளியே பிதுங்கி நிற்கும் ஜன்னலுக்குத்தான் ஓரியல் என்று பெயர், அதையே வரிசை வரிசையாக முகப்பு முழுக்க அடுக்கிவிட்டார் மனிதர். காரணம் அழகு மட்டும் இல்லை. மின்விளக்கு வராத காலம், மழைமேகமும் நிலக்கரிப் புகையும் சூழ்ந்த ஊர், அங்கே காலையிலிருந்து மாலை வரை கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கு வெளிச்சம் வேண்டுமே! ஜன்னல் பிதுங்கினால் மூன்று பக்கத்திலிருந்தும் வெளிச்சம் உள்ளே வரும்.

இது எப்படி முடிந்தது என்றால், பாரத்தைத் தாங்குவது சுவர் இல்லை, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டகம். இன்றைக்கு நாம் பில்லர் எழுப்பிவிட்டு அப்புறம் சுவர் வைக்கிறோமே, அந்த யோசனைதான். தெருப் பக்கம் ஜன்னல்களுக்கு நடுவே ஒல்லியான கல் தூண்களாவது உண்டு. பின்முற்றத்துப் பக்கம் பார்த்தீர்களா? இரும்புத் தூண்களை உள்ளே தள்ளி வைத்து, கண்ணாடியை அவற்றுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். எனக்கு முகப்பைவிட அதுதான் பிடிக்கும், முகப்பின் உச்சியில் இருக்கும் கோதிக் அலங்காரம், அதாவது பழைய ஐரோப்பியத் தேவாலய பாணி வேலைப்பாடு, அங்கே இல்லை.

அந்தக் காலத்தில் ஊர் கைதட்டவில்லை. லண்டனிலிருந்து வந்த 'தி பில்டர்' இதழ் 1866இல், துருத்திக்கொண்டிருக்கும் கண்ணாடிக் குமிழிகளின் குவியல் என்று கிண்டலடித்தது, ஊரிலேயே சாதாரணச் செங்கல் கிடங்குகூட இதைவிட மேல் என்றது. 1941இல் ஜெர்மன் குண்டு விழுந்து ஒரு பகுதி இடிந்தபோதுதான் உள்ளே இருந்த இரும்பு எலும்புக்கூடு பளிச்சென்று வெளியே தெரிந்தது. இப்போது அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

கேள்வி: சிகாகோ வானளாவிகளுக்கு இதுதான் தாய் என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

பதில்: தாய் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உறவு இருக்கலாம். பிற்காலத்தில் சிகாகோவில் கட்டடக் கலைஞராகப் பெரிய பேர் வாங்கிய ஜான் வெல்போர்ன் ரூட், அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்தில், 1864இல், பையனாக லிவர்பூலுக்கு அனுப்பப்பட்டார். எல்லிஸின் கட்டடங்களை அவர் பார்த்திருப்பார் என்பது வரலாற்றாளர்கள் பலரின் ஊகம். குக் தெரு 16ஆம் எண்ணில் எல்லிஸ் கட்டிய இன்னொரு ஆபீஸின் பின்பக்கத்தில், கண்ணாடியும் இரும்புமாக ஒரு சுழல் படிக்கட்டு உண்டு. ரூட்டும் அவருடைய கூட்டாளி பர்ன்ஹாமும் சேர்ந்து சிகாகோவில் கட்டி 1888இல் முடித்த ரூக்கரி கட்டடத்திலும் வெளியே பிதுங்கும் சுழல் படிக்கட்டு இருக்கிறது. பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

கேள்வி: ஓரியல் சேம்பர்ஸில் நிற்காத லிப்ட் இருந்ததாமே?
– வாசகர், சேலம்

பதில்: ஆமாம், அதுவும் எல்லிஸின் வேலைதான். 1866இல் காப்புரிமை வாங்கி 1868இல் பொருத்தினார். கதவில்லாத பெட்டிகள் ஜெபமாலை மணிகள் போல மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள்தான் சமயம் பார்த்து ஏறி இறங்க வேண்டும். வேட்டி கட்டியவர்கள் படியிலேயே போவது உத்தமம்.