சளி, மண்ணீரல், அப்புறம் அந்த சின்ன மாத்திரை: டாக்டர் பதில்கள்

அம்மாபேட்டையிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு நாலு வயசு, மாசாமாசம் சளி. எந்த இம்யூனிட்டி சிரப் நல்லது?

எதுவும் வேணாம்மா. ஸ்கூல் போக ஆரம்பிச்ச பிள்ளைக்கு வருஷத்துக்கு 6, 8 தடவ சளி பிடிக்கிறது சகஜம்தான். தடுப்பூசி கார்டுல விட்டுப்போனது இருந்தா போட்ருங்க. ஒரே வருஷத்துல 2 தடவ நிமோனியா, இல்ல எடையே ஏறலைன்னா காட்டுங்க.

ஏற்காடு, காபித் தோட்டத்துல வேலை பாக்குறவர்: முட்டி வலிக்கு கடையில தந்த சின்ன மாத்திரை, போட்டா அன்னிக்கே வலி போயிருது. ஒரு வருஷமா போடறேன். இப்ப முகம் உப்பிருச்சு, இருமல் விட மாட்டேங்குது.

அண்ணே, அட்டையில பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா அது ஸ்டீராய்டு. வலி ஏன் உடனே போகுதுன்னா, வீக்கத்த உண்டாக்குற அதே எதிர்ப்பு சக்தியத்தான் அது அமுக்குது, அதனால உள்ள தூங்கிட்டு கிடக்குற டிபி கிருமி எந்திரிச்சுக்கும், சுகரும் ஏறும். இதுக்காக பயந்துபோய் நாளைக்கே நிறுத்திராதீங்க, ரொம்ப நாள் போட்டா கிட்னி மேல இருக்குற அட்ரீனல் சுரப்பி தன் வேலையவே விட்ருக்கும், திடீர்னு நிறுத்தினா பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். மலை இறங்கி சேலம் ஜி.எச். போங்க, டிபி இருக்கான்னு பாக்குற சளி டெஸ்ட் ஃப்ரீதான். (ஆஸ்துமாவுக்கு டாக்டர் சொல்லி இன்ஹேலர் எடுக்குறவங்க இத படிச்சிட்டு நிறுத்தாதீங்க, அதுல ஸ்டீராய்டு டோஸ் ரொம்ப கம்மி.)

ஆத்தூர்: எதிர்ப்பு சக்திக்காக தினமும் சீந்தில் ஜூஸ் குடிக்கலாமா?

வேணாம். அதனால கல்லீரல் கெட்டு வந்தவங்க இருக்காங்க. வைட்டமின் சிக்குன்னா கொய்யா சாப்பிடுங்க, ஆரஞ்ச விட பல மடங்கு இருக்கு, ஆனா சளி வராம தடுக்கும்னு நெனைக்காதீங்க.

செவ்வாய்ப்பேட்டை: பைக் ஆக்சிடென்ட்ல தம்பிக்கு மண்ணீரல எடுத்துட்டாங்க. நல்லாத்தான் இருக்கான், ஏதும் பாக்கணுமா?

கண்டிப்பா. நிமோகாக்கஸ் மாதிரி கிருமிகள ரத்தத்துல இருந்து வடிகட்டுறது மண்ணீரல்தான், அது இல்லாதவங்களுக்கு சாதாரண காய்ச்சல்னு ஆரம்பிச்சது சில மணி நேரத்துலயே ரத்தத்துல பரவி சீரியஸ் ஆயிரலாம். நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் (Hib)னு மூணு தடுப்பூசி போட்டாங்களான்னு டிஸ்சார்ஜ் சம்மரியில பாருங்க, இல்லைன்னா இந்த வாரமே கேளுங்க. காய்ச்சல்னா பாராசிட்டமால் போட்டு காலையில பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது, நடுராத்திரியா இருந்தாலும் கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டுப் போய், மண்ணீரல் இல்லைன்னு முதல்ல சொல்லிருங்க.