வஸ்வாஸும் வைத்தியச் செலவும்

அஸ்ஸலாமு அலைக்கும் ஐயா,

மேலப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். என் தங்கச்சிக்கு 23 வயது. ஒரு வக்துத் தொழுகைக்கு ஒளூ எடுக்க (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவ) முக்கால் மணி நேரம் ஆகிறது. முடித்துவிட்டு வந்து "சரியா எடுத்தேனா உம்மா" என்று கேட்பாள், திரும்பப் போவாள். கையெல்லாம் தோல் வெடித்துக் கிடக்கிறது. தொழுகையைத் தொடங்கும் தக்பீரைக் கட்டிக் கட்டிக் கலைக்கிறாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஒரு கவுன்சலரிடம் 3 தடவை போனோம், தடவைக்கு 1,500 ரூபாய். பேசினார், மூச்சுப் பயிற்சி சொன்னார், ஒன்றும் மாறவில்லை, நிறுத்திவிட்டோம். என் சம்பளம் மாதம் 22,000. முஸ்லிம் டாக்டரிடம்தான் போகணும் என்கிறார் வாப்பா. உம்மாவுக்கு அவளை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகணும். கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது. எங்கே போவது, எப்படிச் சமாளிப்பது?

*

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி,

கடிதத்தை வைத்து நோயின் பெயரை முடிவு செய்ய முடியாது. அதை மனநல மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, நம்மவர்கள் வஸ்வாஸ் (ஓயாத சந்தேகம்) என்று சொல்வது, ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோயின் அடையாளங்களோடு ஒத்துப்போகிறது. அப்படியென்றால் செலவுக் கணக்கே மாறும். ஏனென்றால் எல்லாக் கவுன்சலிங்கும் இதற்குக் கேட்காது. மூச்சுப் பயிற்சி, ஆறுதல் பேச்சு, "மனதை ஒருமுகப்படுத்து" என்ற அறிவுரை எல்லாம் இதில் அநேகமாக வீண். கேட்பது இரண்டு. ஒன்று மருந்து. இன்னொன்று ஈ.ஆர்.பி. என்ற பயிற்சி முறை: சந்தேகத்தைக் கிளப்பும் சூழலில் வேண்டுமென்றே நின்று, திரும்பக் கழுவாமல், திரும்பக் கேட்காமல், பதற்றம் தானாக இறங்கும்வரை இருக்கப் பழக்குவது.

மூன்று தடவையில் நிறுத்திவிட்டீர்கள். ஒழுங்காகச் செய்பவரிடம் போயிருந்தாலும் முதல் இரண்டு மூன்று அமர்வுகள் விவரம் கேட்பதிலும், எது குறைந்த பயம், எது கூடுதல் பயம் என்று வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவதிலுமே போகும். பயிற்சி அதற்குப் பிறகுதான் தொடங்கும். வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும். 4,500 ரூபாய் செலவழித்துவிட்டு வாசலோடு திரும்புவதுதான் இந்த வைத்தியத்தில் பணம் அதிகம் வீணாகும் இடம்.

ஆகவே பணத்தை இப்படிப் பிரியுங்கள். நோயைக் கண்டறிவது, மருந்து, மாதாந்திரப் பரிசோதனை மூன்றையும் அரசு மருத்துவமனையில் இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் உள்ள காசு முழுவதும் பயிற்சிக்கு மட்டும், இடைவெளி விடாமல் போகட்டும். உங்களுக்கு ஐகிரவுண்ட் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவு என்று கேட்டால் போதும். தெருக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சமிருந்தால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவார். எந்த நாள் என்பதை 104-இல் கேட்டுக்கொள்ளலாம்.

அரசு ஓ.பி.யில் மருத்துவருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, ஒரு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம் இதில் போகிறது, தூக்கம், சாப்பாடு, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா, சாக வேண்டும் என்று எப்போதாவது சொன்னாளா. அங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இருக்கிறாரா என்று நீங்களாகவே கேளுங்கள். இருந்தால் அவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மருந்துச் சீட்டோடு முடிந்துவிடும்.

மருந்து விஷயத்தில் குடும்பங்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ரலின் போன்றவை மனச்சோர்வில் சில வாரங்களில் வேலையைக் காட்டும். ஓ.சி.டி.யில் 8 முதல் 12 வாரம் ஆகும், அளவும் பெரும்பாலும் கூடுதலாகத் தேவைப்படும். முதல் இரண்டு வாரத்தில் குமட்டல், வயிற்றுக் கோளாறு, படபடப்பு வரலாம். பலன் வரும் முன் பக்கவிளைவு வந்துவிடுவதால் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். காப்ஸ்யூலின் ஜெலட்டின் உறுத்தினால் மாத்திரையாகக் கேட்கலாம். ரமலானில் இவற்றை ஸஹரிலோ இஃப்தாருக்குப் பிறகோ ஒரு வேளையாகப் போடலாமா என்று முன்கூட்டியே கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். லித்தியம் என்ற வேறொரு மனநல மருந்தை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்கக் கூடாது. நீர்ச்சத்து குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஆபத்தாக ஏறும். உங்கள் தங்கைக்கு இது பொருந்தாது, படிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

இனி, பயிற்சி தருபவரைத் தேடுவது. 'கவுன்சலர்' என்று தகுதி இல்லாதவர்களும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவெண் இருக்க வேண்டும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பணம் கட்டும் முன் போனில் கேளுங்கள்: ஓ.சி.டி.க்கு ஈ.ஆர்.பி. செய்கிறீர்களா? அமர்வுகளுக்கு நடுவே வீட்டுப்பயிற்சி தருவீர்களா? ஓ.சி.டி.யின் கடுமையை அளக்கும் யேல்-பிரவுன் அளவையில் மதிப்பெண் எடுப்பீர்களா? கட்டணத்தில் சலுகை உண்டா? கடைசிக் கேள்விக்குக் கூச்சப்படாதீர்கள். வருமானத்துக்கு ஏற்றபடி குறைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். கிளினிக்கல் சைக்காலஜி படிப்பு நடத்தும் கல்லூரி மருத்துவமனைகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். அவசரமாக முடித்து அனுப்ப மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

யேல்-பிரவுன் என்பது 10 கேள்வி, 40 மதிப்பெண். தொடக்கத்தில் 28 என்றால் எட்டாவது அமர்வில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். 35 சதவீதம் குறைந்தால் நல்ல பலன் என்பது ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதாவது 18-க்குப் பக்கம். கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் ஆளை மாற்றலாம். 1,500 வீதம் 16 அமர்வுக்கு 24,000 ஆகும். முதல் 8 வாரம் வாராவாரம், பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை என்று பிரித்தால் மொத்தம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதத்துக்கு மாதம் 6,000, அதன்பின் மாதம் 3,000. முதல் இரண்டு மாதத்தைத்தான் எப்படியாவது தாங்க வேண்டும். ஆன்லைனில் எடுத்தால் பயணச் செலவு மிச்சம். இந்த நோய்க்கு இன்னொரு வசதி, உங்கள் வீட்டில் ஒளூ எடுக்கும் ஹவுளுக்கு (தண்ணீர்த் தொட்டிக்கு) பக்கத்திலேயே போனை வைத்துப் பயிற்சி செய்யலாம்.

அந்த இரண்டு மாதத்துக்கு ஜமாஅத் பைத்துல்மாலை (பொது நிதியை) கேளுங்கள். தகுதியுள்ள ஏழை நோயாளிக்கு ஜகாத் பணம் கொடுப்பதில் தடையில்லை. மருத்துவரிடம் "தொடர் சிகிச்சை தேவை, மாதம் இவ்வளவு செலவு" என்று மட்டும் எழுதி வாங்குங்கள், நோயின் பெயர் வேண்டாம். ஜகாத் பெரும்பாலும் ரமலானில் பங்கிடப்படுவதால் அதற்கு முந்தைய ஷஅபான் மாதத்திலேயே மனு கொடுத்துவிட வேண்டும். மருத்துவக் காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தரச் சொல்கிறது என்றாலும் சாதாரண பாலிசிகள் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தரும்.

வாப்பாவின் கவலைக்கு வருகிறேன். முஸ்லிம் மருத்துவர் கிடைத்தால் நல்லது, ஆனால் அதற்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். ஈ.ஆர்.பி. தெரியாத முஸ்லிமைவிட, தெரிந்த மற்றவர் மேல். மார்க்கம் தெரியாதவர் செய்யக்கூடிய தவறு ஒன்றுண்டு: "கொஞ்ச நாள் தொழுகையை விடுங்கள்" என்பார். குடும்பம் அன்றோடு சிகிச்சையை நிறுத்திவிடும். அதைத் தடுக்க ஆலிமை (மார்க்க அறிஞரை) கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். நபியவர்கள் ஒரு 'முத்து' என்ற அந்தக் கால அரபு அளவுத் தண்ணீரில், ஏறத்தாழ முக்கால் லிட்டரில், ஒளூ செய்ததாக ஹதீஸ் இருக்கிறது. மூன்று தடவைக்கு மேல் கழுவுவதைக் கண்டித்தும் இருக்கிறது. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் (மார்க்கச் சட்டத்தின்) அடிப்படை விதி. ஆக ஒரு லிட்டர் செம்பு, உறுப்புக்கு மூன்று முறை, திரும்ப எடுப்பது கிடையாது என்ற எல்லையை ஹஜ்ரத்தே சொல்லட்டும். அந்த எல்லைக்குள் பயிற்சியை சைக்காலஜிஸ்ட் அமைக்கட்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபத்வாவை (மார்க்கத் தீர்ப்பை) ஒருமுறைதான் கேட்க வேண்டும். தினமும் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டு "இது கூடுமா" என்று கேட்கத் தொடங்கினால் அதுவே நோயின் இன்னொரு சடங்காகிவிடும். உம்மா "சரியாத்தான் எடுத்தே" என்று ஒவ்வொரு முறையும் சொல்வதும் இதே வகைதான். அந்த நிமிடம் அமைதி வரும், அடுத்த வக்தில் சந்தேகம் இன்னும் பலமாகத் திரும்பும். ஆனால் திடீரென்று பதில் சொல்வதை நிறுத்தினால் வீட்டில் ரகளையாகும். சைக்காலஜிஸ்ட் முன்னிலையில் தங்கையும் சம்மதித்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஏர்வாடி பற்றி: 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இன்று யாரையும் சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம். உம்மாவின் மன ஆறுதலுக்கு ஜியாரத் போய்வரட்டும், துஆ செய்யட்டும்; தங்கையை அங்கே தங்கவைக்க வேண்டாம், மாத்திரை ஒரு வேளைகூட நிற்கக் கூடாது.

கல்யாணத்தை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். மருத்துவ விவரத்தை ரகசியமாக வைக்க மருத்துவமனை சட்டப்படி கடமைப்பட்டது, அதனால் செய்தி அங்கிருந்து கசியும் என்று பயப்பட வேண்டாம். நிக்காஹ் முடிந்ததும் மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று மாத்திரையை ஒளித்து, பிறகு விட்டுவிடுவதுதான் நடக்கும் பெரிய கேடு. மாப்பிள்ளையிடமாவது, தங்கையின் சம்மதத்தோடு, முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சாக வேண்டும் என்று அவள் சொன்னால் அமர்வு தேதிக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனை. 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். அவள் வரவே மறுத்தால் முதல் தடவை நீங்களும் உம்மாவும் மட்டும் போங்கள். வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதற்கு நோயாளி இல்லாமலே ஓர் அமர்வு எடுக்கலாம்.