கடலோரப் பாறைகளில் நடக்கும்போது நாய் ஏன் கடல்நீர் குடிக்கக் கூடாது?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து விடுமுறைக்கு முட்டம் போகிறவர்கள் சிலர் நாயையும் காரில் ஏற்றிக்கொள்கிறார்கள். பாறைகளில் ஏறி இறங்கியதும் அதற்குத் தாகம் எடுக்கும். நம் ஊரில் ஊருணிப் படியில் இறங்கி நக்கிக் குடித்துப் பழகிய நாய்க்குப் பாறைக் குழியில் தேங்கிய நீரும் ஊருணிதான். வாய் வைத்துவிடும்.

அதிகம் குடித்தால் வருவது உப்பு நச்சு. அதாவது, இரத்தத்தில் உப்பு அளவுக்கு மீறிப்போவது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வெயிலில் வற்றிய பாறைக் குழி நீர் இன்னும் கரிக்கும். அந்த உப்பு, உடலின் செல்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. மாவடு ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள்: நாம் ஒரு சொட்டு நீர்கூட ஊற்றியிருக்க மாட்டோம், சில நாளில் வடு தோல் சுருங்கி, ஜாடியில் நீர் விட்டிருக்கும். மூளைக்கும் அதே கதிதான். முதலில் வாந்தி, கழிச்சல். முற்றினால் தள்ளாட்டம், வலிப்பு.

அலை தெறித்த மூக்கை நக்கினால் ஒன்றும் ஆகாது, பதற வேண்டாம். அலைக்குள் பந்தை எறிந்து எடுத்துவரச் சொல்லும்போதுதான், பந்தோடு சேர்த்து நீரையும் விழுங்கும். வீட்டுத் தண்ணீரும் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் கையோடு இருக்கட்டும். கேட்கும்வரை காத்திராமல் அடிக்கடி காட்டுங்கள்.

தள்ளாடும் நாய்க்குக் குடம் குடமாக நல்ல தண்ணீர் புகட்டினால் உப்பு கழுவிப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். நீர் வேகமாகப் புகுந்தால் மூளை வீங்கக்கூடும் என்பதால், உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதே சரி.