ஒரு லைட் போதும், அதை எங்கே வைப்பது?

கிளிநொச்சியில் ஸ்டூடியோ நடத்தும் எங்கள் படப்பிடிப்பாளர் இந்த இதழிலும் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: பாவித்த கமரா ஒன்றும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் வாங்கிவிட்டேன். வீட்டு முன்னறையை ஸ்டூடியோவாக்கலாம் என்று யோசனை. எல்ஈடி பனல் இரண்டு வாங்குவதா, பிளாஷ் ஒன்று வாங்குவதா? கையில் காசு அதிகம் இல்லை.
(வாசகர், மல்லாவி)

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முன்னறைக் கதவைத் திறந்துவிட்டு, அதற்குப் பக்கவாட்டாக ஒரு கதிரையைப் போட்டு வீட்டில் யாரையாவது இருத்துங்கள். அறை லைட்டை அணைத்துவிடுங்கள். கதவோரம் இருக்கும்போது முகம் எப்படித் தெரிகிறது, கதிரையை இரண்டடி உள்ளே தள்ளினால் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, கண்ணில் வெளிச்சப் பொட்டு இருக்கிறதா, இந்த இரண்டையும் மட்டும் கவனித்தால் போதும். கண்ணுக்குள் பொட்டு இல்லாவிட்டால் எவ்வளவு விலையான கமராவிலும் முகம் செத்துப்போய்த்தான் இருக்கும். கருமணிக்குச் சற்று மேலே ஒரு பக்கமாக அந்தப் பொட்டு விழுந்தால் லைட் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

கதவு வெளிச்சத்தை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையார் 1860களில் இங்கிலாந்தில் தன் வீட்டுக் கண்ணாடிக் கோழிக்கூட்டையே ஸ்டூடியோவாக்கி எடுத்த முகப்படங்களை இன்றைக்கும் உலகம் பார்த்துப் படிக்கிறது. 1875இல் அவர் இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே இறந்தார். இந்த நாட்டு உழைப்பாளிகளையும் இயற்கை வெளிச்சத்திலேயே படமெடுத்திருக்கிறார்.

ஒன்று மட்டும் கவனம். வடக்கு யன்னல்தான் நல்லது, அதில் வெயில் நேரே விழாது என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அது அவர்களுடைய ஊருக்குச் சரி. வன்னியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் எங்கள் தலைக்கு வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. அந்த மாதங்களில் தெற்கு யன்னல் உங்களுக்கு உதவும். வாசலில் கிறவல் ரோட்டு இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: வெயில் பட்ட கிறவலிலிருந்து செம்மஞ்சள் வெளிச்சம் தெறித்து நாடிக்குக் கீழே ஏறும். வெள்ளைத் தாள் ஒன்றைக் கதிரையில் பிடித்துப் படமெடுத்து, அதைவைத்துக் கமராவில் வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தை, சரிசெய்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் கைவந்த பிறகு காசைச் செலவழிக்கலாம். அப்போதும் முதலில் பிளாஷ்தான்: ஒரு பிளாஷ், கமராவிலிருந்து தள்ளி வைத்து அடிக்க ஒரு டிரிகர், ஒரு ஸ்டாண்ட், ஒரு வெள்ளைக் குடை. மலிவான பனல்களுக்குப் பலம் போதாது. கமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டிக் கூட்டிப் படம் புள்ளி புள்ளியாகிவிடும். பிளாஷ் பென்டோர்ச் பற்றரியில் வேலை செய்யும், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. எதிர்ப்பக்க நிழலைக் குறைக்க இன்னொரு லைட் தேவையில்லை, ஒரு வெள்ளை றெஜிபோம் மட்டை போதும். ஸ்டாண்டின் காலில் மணல் பை கட்ட மறக்காதீர்கள். குடை காற்றை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் மேல் விழும்.

தூரத்தின் கணக்கைப் பாடமாக்கி வைத்திருங்கள். லைட் ஒரு மீற்றரில் இருந்து இரண்டு மீற்றருக்குப் போனால் முகத்தில் விழுவது பாதியல்ல, கால்வாசி. மூன்று மீற்றர் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. இதுவே உங்களுக்கு ஒரு வசதி. ஆள் லைட்டிலிருந்து ஒரு மீற்றரிலும் பின்சுவர் மூன்று மீற்றரிலும் இருக்கட்டும். வெள்ளைச் சுவர் கருஞ்சாம்பலாக மாறிவிடும், பின்திரை வாங்கத் தேவையில்லை. சுவர் வெள்ளையாகவே வேண்டுமென்றால் ஆளையும் லைட்டையும் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பிளாஷ் அடித்த படங்களில் கீழ்ப்பாதி கறுப்பாக வருகிறது. பிளாஷ் இல்லாமல் வீட்டு பல்பில் எடுத்தால் குறுக்கே கோடு கோடாக வருகிறது. கமரா பழுதா?
(வாசகர், வவுனியா)

கமரா நன்றாகத்தான் இருக்கிறது. முதலாவதற்குக் காரணம் ஷட்டர் வேகம். அநேகமான கமராக்களில் விநாடியில் 1/200 அல்லது 1/250 பங்கைவிட வேகமாகப் போனால், பிளாஷ் அடிக்கும் கணத்தில் ஷட்டரின் இரண்டாவது திரை பாதி மூடியிருக்கும். ஸ்டூடியோவுக்குள் 1/160இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டாவதற்குக் காரணம் பல்ப். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மலிவான எல்ஈடி பல்ப் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. 1/50 அல்லது 1/100இல் எடுங்கள், கமராவில் சத்தமில்லாத (எலக்ட்ரோனிக்) ஷட்டர் முறை இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: சாமத்தியவீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். பிள்ளைகளின் நெற்றியும் மூக்கும் வெள்ளையாக எரிந்துவிடுகின்றன, மற்ற இடமெல்லாம் இருண்டு கிடக்கிறது. தாய்மாரோ "பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ" என்கிறார்கள். என்ன செய்வது?
(வாசகி, புதுக்குடியிருப்பு)

தங்கச்சி, பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. முதலில் லைட்டைப் பார்ப்போம்.

நெற்றியில் எரிவது உங்கள் பிளாஷின் பிரதிபிம்பம்தான். கறுத்த தோல் கண்ணாடி போட்ட மேசை மாதிரி, எதிரே என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். கமரா மேல் இருக்கும் சின்ன பிளாஷைக் காட்டினால் சின்னதாக, கூர்மையாக, வெள்ளையாகத் தெரியும். அதையே ஒரு மீற்றர் அகலக் குடைக்குள் அடித்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால், அந்த மினுக்கம் கன்னம் முழுக்கப் பரவி மெல்லிய பளபளப்பாகிவிடும். அந்தப் பளபளப்புத்தான் கறுத்த முகத்தின் வடிவைக் காட்டுகிறது, கன்ன எலும்பும் நாடியும் அதில்தான் எழும்பி வருகின்றன. ஆகவே பவுடரை அப்பி அதை அழித்துவிடாதீர்கள். வியர்வையை மட்டும் ரிஷூவால் ஒற்றி எடுங்கள். குடையின் நடுப்பகுதி முகத்தை நேரே பார்க்காமல் கொஞ்சம் முன்னுக்குத் திரும்பி, ஓரத்து வெளிச்சம் மட்டும் முகத்தில் படட்டும். நகையும் அப்படித்தான். பக்கத்தில் றெஜிபோம் மட்டையைப் பிடித்தால் அட்டியலில் தங்க நிறம் முழுசாக வரும்.

கமராவின் வெளிச்ச அளவுமானி எதையும் நடுச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். கறுத்த முகம் படத்தை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் கூட்டி நெற்றியை எரிக்கும். வெள்ளைச் சேலை நிறைந்தால் குறைத்து முகத்தை இருட்டாக்கும். அதனால் அளவுகளை நீங்களே வைக்கும் மனுவல் முறையில் எடுங்கள், ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் லைட்டை அசைக்கும்வரை மாற்ற வேண்டாம்.

இனி வெள்ளையாக்கும் விஷயம். நான் செய்வதில்லை, நீங்களும் செய்ய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். பருவம் வந்த அந்த வயதில் ஒரு பிள்ளை தன் படத்தைப் பார்த்து, என் நிறம் போதவில்லை, அதனால்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று விளங்கிக்கொள்வதைவிடப் பெரிய தீங்கை ஒரு படக்காரர் செய்துவிட முடியாது. தாய்மாரோடு வாதாடத் தேவையில்லை. நல்ல லைட்டில் ஒரு படத்தை எடுத்து அந்த இடத்திலேயே கமராத் திரையில் காட்டுங்கள். "வெள்ளையாக்கித் தாங்கோ" என்பவர்களில் அநேகம் பேர் உண்மையில் கேட்பது, முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதைத்தான். அது கிடைத்தவுடன் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

கேள்வி: அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடியில் குடை அப்படியே தெரிகிறது. கழற்றிவிட்டு எடுக்கலாமா?
(வாசகி, நெடுங்கேணி)

கழற்ற வேண்டாம், கண்ணாடியில்லாத அம்மம்மாவை வீட்டில் யாருக்கும் தெரியாது. லைட்டை இன்னும் உயர்த்தி, பக்கவாட்டாகத் தள்ளுங்கள். காதில் மாட்டும் காம்பை ஒரு நூலளவு தூக்கிவிட்டால் கண்ணாடி கீழ்நோக்கிச் சரியும், குடையும் மறைந்துவிடும்.

கேள்வி: ஒரு அம்மா வந்தார். கணவரின் படங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன, மிஞ்சியது அடையாள அட்டைப் படம் மட்டும். அதைப் பெரிதாக்கி, தன்னையும் புதிதாகப் படமெடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்கிறார். லைட்டை எப்படி வைப்பது?
(வாசகர், முள்ளியவளை)

வன்னியில் 2009க்குப் பிறகு இந்த வேலை எல்லா ஸ்டூடியோவுக்கும் வந்துகொண்டே இருக்கிறது. பொறுமையாகச் செய்யுங்கள்.

புதுப் படம்தான் பழைய படத்துக்குப் பொருந்த வேண்டும். பூதக்கண்ணாடியை எடுத்துப் பழைய படத்தைப் பாருங்கள். மூக்கு நிழல் நேரே கீழே விழுந்து இரண்டு கன்னமும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால், லைட் கமராவுக்கு மேலே நேராக இருந்திருக்கிறது. நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தால் லைட் இடப்பக்கம். அம்மாவுக்கும் அதே பக்கம், அதே உயரம். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் முக்கோண வெளிச்சம் விழும் றெம்பிராண்ட் முறை தனியாக மாட்டினால் அழகு. ஆனால் தட்டையான அட்டைப் படத்துக்குப் பக்கத்தில் இருவரும் வேறு வேறு இடத்தில் இருப்பதுபோலத் தெரியும். கமராவை அவருடைய கண் மட்டத்தில் வைத்து, இரண்டு மீற்றராவது தள்ளி நின்று எடுங்கள். கிட்டப் போனால் மூக்குப் பெரிதாகும்.

அட்டையை ஸ்கேன் செய்வதென்றால் 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையாமல் செய்யுங்கள். கமராவில் எடுப்பதென்றால் இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே அளவு வெளிச்சம் வேண்டும், அப்போது பிளாஸ்ரிக் உறை மினுங்காது. முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளை இதற்குப் பாவிக்க வேண்டாம். படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அவை தாங்களாகவே வரைந்துவிடும், அந்த அம்மா பார்க்க விரும்புவது தன் கணவரை. மங்கலாக இருந்தால் இருக்கட்டும். அளவைக் குறைத்து அச்சடியுங்கள், இரண்டையும் ஒரே நாளில் ஒரே மினுங்காத மற் (matt) தாளில். பிறேம் போடமுன் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து, தோலின் கருமை ஒத்துப்போகிறதா என்று அந்த அம்மாவிடமே கேளுங்கள். கணவரின் நிறம் அவருக்குத்தான் தெரியும்.