சானல் கரையில் நடைபாதை கேட்பது எப்படி?

கேள்வி: குளச்சல் பக்கம் ஓர் ஊராட்சியில் மகளிர் குழு நடத்துகிறோம். தினமும் நடங்கள் என்று அரசுத் திட்டங்கள் சொல்கின்றன. எங்கள் ரோட்டில் டாரஸ் லாரி வந்தால் ஒதுங்கக்கூட இடமில்லை. சானல் (பாசனக் கால்வாய்) கரையில் பாதை கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 2019 ஆகஸ்ட் 29 அன்று தொடங்கிய மத்திய அரசின் ஃபிட் இந்தியா இயக்கம் பெரும்பாலும் பிரச்சாரம்தான். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை. பஸ் ஏறிப்போய் தினமும் யார் நடப்பார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் 2018–2030 செயல்திட்டம், உடலுழைப்பின்மையை 2030க்குள் 15 சதவீதம் குறைக்கச் சொல்வதோடு, நடப்பதற்கான இடத்தை உருவாக்குவதையும் அரசின் பொறுப்பாக வைக்கிறது. மனுவில் அந்த வரி இருக்கட்டும்.

கரை முழுவதையும் கேட்காதீர்கள். 750 மீட்டர் போதும். இரண்டு முறை போய்வந்தால் 3 கிலோமீட்டர், சுமார் 35 நிமிட வேகநடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் பெரியவர்களுக்கான குறைந்தபட்ச 150 நிமிடம் தாண்டிவிடும். பால்வெட்டுக்கு (ரப்பர் மரத்தில் பால் எடுக்க) போகிறவர்களுக்கு அந்த வேலையே கணக்கில் சேரும்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சானல் கரை பெரும்பாலும் நீர்வளத்துறையுடையது. கிராம சபைத் தீர்மானங்கள் இங்கேதான் செத்துப்போகின்றன: துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் ஊராட்சி ஒரு சட்டி ஜல்லிகூடக் கொட்ட முடியாது. துறை ஏன் தயங்கும்? தூர்வார ஜேசிபி கரைமேல்தான் வர வேண்டும். அதற்கு 3 மீட்டர் விட்டு, மீதியில் 1.8 மீட்டர் அகலப் பாதை என்று வரைந்து கொடுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே தாண்டிப்போக அது போதும். அவ்வளவு அகலம் இல்லாத கரையில் வண்டித் தடத்தையே கெட்டிப்படுத்தித் தரக் கேளுங்கள்; சிமெண்ட் பெஞ்சும் தூணும் வேண்டாம்.

பேவர் பிளாக் போடுகிறோம் என்பார்கள். தென்னை நிழலில், இரண்டு பருவமழையும் நனைக்கிற நம் ஊரில், அதில் பாசி பிடித்து வழுக்கும். வயசானவர்களுக்கு இடுப்பெலும்பே போய்விடும். கிராவல் விரித்து, நனைத்து, ரோலர் ஓட்டி, தண்ணீர் வடிய ஒருபக்கம் லேசாகச் சரித்தால் போதும். செலவும் குறைவு. கடற்கரைப் பக்கம் திறந்தவெளி ஜிம் கேட்பதாக இருந்தால் கிரீஸ் வைக்கும் ஆளையும் சேர்த்துக் கேளுங்கள். உப்புக்காற்றில் பேரிங் சீக்கிரம் இறுகிவிடும்.

விளக்கை மறக்காதீர்கள். பெண்களுக்கு நேரம் கிடைப்பது விடியுமுன் அல்லது இருட்டிய பிறகு.

கிராம சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோதையாறு பாசனத்தில் பொதுவாக ஜூன் முதல் பிப்ரவரி வரை தண்ணீர் விடுவதால், கரை வேலைக்கு மார்ச் முதல் மே வரைதான் தோது. ஆகவே அக்டோபர் 2 அன்றே தீர்மானம் போட்டு, நகலைக் கையோடு வாங்கி, நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பக்கத்துப் பேரூராட்சிக்காரர்களுக்குக் கிராம சபை கிடையாது. அவர்கள் கவுன்சிலர் வழியாக மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும்.