பொதுத்தெரிவு, உள்ளாட்சி நிதி: மகளின் ஆய்வுப் படிப்பு குறித்துக் கவலைப்படும் பெற்றோருக்கு

உங்கள் மகள் முதுகலைப் பொருளாதாரம் முடிக்கும் நிலையில், பொதுத்தெரிவுக் கோட்பாட்டிலும் உள்ளாட்சி நிதியிலும் ஆய்வு செய்யும் பேராசிரியர் ஒருவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். இது அரசியல் படிப்பா, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

முதலில் துறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சந்தையில் மனிதர்கள் தங்கள் நலனைக் கணக்குப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பது பொருளாதாரத்தின் பழைய அடிப்படை. அதே மனிதர் வாக்காளராகவோ கவுன்சிலராகவோ அதிகாரியாகவோ இருக்கும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவாரா என்று கேட்டதுதான் ஆங்கிலத்தில் பப்ளிக் சாய்ஸ் எனப்படும் இந்தத் துறை. ஜேம்ஸ் புக்கானனும் கார்டன் டல்லாக்கும் 1962-இல் எழுதிய நூல் இதற்கு அடித்தளம் போட்டது. புக்கானனுக்கு 1986-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. கட்சி அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முடிவெடுக்கும் விதிகள் மாறினால் பணம் போகும் வழி எப்படி மாறுகிறது என்பதே இங்கே பாடம்.

உள்ளாட்சி இதில் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு நாட்டுக்கு மத்திய அரசு ஒன்றுதான். உள்ளாட்சிகளோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, வரியும் செலவும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல களம் ஆய்வாளருக்குக் கிடைக்காது. ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகளான பள்ளி மாவட்டங்களின் பட்ஜெட்டை மக்கள் வாக்களித்து ஏற்கவோ நிராகரிக்கவோ செய்தார்கள். நிராகரித்தால் சட்டம் குறிக்கும் ஒரு பழைய தொகைதான் பள்ளிக்குக் கிடைக்கும். தாமஸ் ரோமர், ஹோவர்ட் ரோசென்தால் இருவரும் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்தார்கள். அந்தப் பழைய தொகை பள்ளியை நடத்தவே போதாத இடங்களில், நிர்வாகம் பெரிய பட்ஜெட்டை வைத்தாலும் மக்களால் அதை எளிதில் மறுக்க முடியவில்லை. செலவு கூடுதலாகவே இருந்தது. வாக்குரிமை எல்லா இடத்திலும் ஒன்றுதான், ஆனால் எதை வாக்கெடுப்புக்கு வைப்பது என்று தீர்மானிப்பவரின் கையில் தனி அதிகாரம் இருக்கிறது. இப்படிப்பட்ட கேள்விகளில்தான் உங்கள் மகளின் மனம் போயிருக்கிறது. நல்ல கேள்விகள் அவை.

கணிதம் அவளுக்குச் சற்றுப் பயம் என்றும் எழுதியிருந்தீர்கள். எலினோர் ஆஸ்ட்ரமைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். கணிதப் பின்னணி போதாது என்று பொருளாதார முனைவர் படிப்பில் அவரைச் சேர்க்கவில்லை. அரசியல் அறிவியலில் பட்டம் பெற்றார். 1970-களில் இண்டியானாபொலிஸ் பகுதியில், பெரிய நகரக் காவல்துறையையும் சிறு ஊர்களின் காவல்துறைகளையும் ஒப்பிட்டு, சிறியவை சேவையில் பின்தங்கவில்லை, பல அளவுகோல்களில் மேலாகவே இருந்தன என்று காட்டினார். பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர், ஆண்டு 2009. ஆனால் இதைக் காட்டி அவள் கணிதத்தைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. இன்று இந்தத் துறையில் பொருளியல் அளவையியல், அதாவது பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் முறை, தெரியாமல் ஒரு கட்டுரைகூட வெளியிடுவது கடினம். சேர்வதற்கு முன் கிடைக்கும் மாதங்களில் புள்ளியியலும், ஆர் (R) அல்லது பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் பழகட்டும். வேறு எதையும்விட இதைத்தான் நான் வற்புறுத்துவேன்.

வேலையைப் பொறுத்தவரை, கல்லூரி ஆசிரியர் பணி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நிதி ஆணையங்கள், தணிக்கை அமைப்புகள், கொள்கை ஆய்வு நிறுவனங்கள், நகராட்சிக் கடன் பத்திரங்களை மதிப்பிடும் தரமதிப்பீட்டு நிறுவனங்கள், வளர்ச்சி வங்கிகள் ஆகிய எல்லாவற்றிலும் உள்ளாட்சிக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். பட்டத்தின் பெயரைவிட, குழப்பமான அரசாங்கக் கணக்குகளைச் சீர்செய்து அவற்றிலிருந்து ஒரு பதிலை எடுக்கும் திறமைக்குத்தான் அங்கே மதிப்பு. வெறும் கோட்பாட்டோடு நின்றுவிட்டால் வழி குறுகலாகிவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், பேராசிரியர். இந்தத் துறைக்கு அரசின் மீது அவநம்பிக்கை அதிகம் என்ற விமர்சனம் பல காலமாக உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆகவே அவருடைய கருத்துகளைவிட, தன் கருத்துக்கு எதிரான முடிவு வந்தபோது அதையும் அவர் வெளியிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அவருடைய சமீபத்திய கட்டுரைகளில் மூன்றை மகள் முழுதாகப் படிக்கட்டும். தரவு எங்கிருந்து வந்தது, மாணவர்கள் இணை ஆசிரியர்களாக இருக்கிறார்களா, படித்து முடித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்கட்டும். இப்போது அவரிடம் இருக்கும் மாணவர் ஒருவரிடம் நேரில் பேசினால் இன்னும் நல்லது. எத்தனை நாளில் பதில் எழுதுவார், வரைவைத் திருத்தித் தருவாரா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைச் சேர்க்கைக் கடிதத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வந்து, அந்த மூன்று கட்டுரைகளைப் படித்த பிறகும் அவளுக்கு ஆர்வம் குறையவில்லை என்றால், தயங்காமல் அனுப்புங்கள்.